ஒரே கதை, மூன்று புத்தகம்: கூடப் படிப்பவர்களின் இணையக் கதைப்புத்தகங்களை வாசித்து உங்கள் கதைக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி?

வற்றாப்பளை அம்மன் கதையை எங்கள் வகுப்பில் மூன்று பேர் எழுதினார்கள். மூவருக்கும் அதைச் சொன்னது அவரவர் அம்மம்மாதான். முல்லைத்தீவு நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கும் பெடியன்கள், பசியோடு வந்த கிழவி, எண்ணெய் இல்லாத விளக்கு, கடல்நீரில் எரிந்த திரி, பேன் பார்க்கச் சொன்ன தலையில் ஆயிரம் கண்கள். கேட்ட கதையில் சம்பவம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் மூன்றையும் ஒரே இரவில் வாசித்துவிட்டு வந்த ஒரு மாணவி, "ரீச்சர், கதை ஒண்டுதான், ஆனா மூண்டும் மூண்டு கதை" என்றாள். அந்த வாரமே தான் பாதி எழுதி வைத்திருந்த வேறொரு கதையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

அவளுக்கு நடந்தது தற்செயலாக நடந்தது. அதைத் தெரிந்தே செய்ய முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இதுதான்: உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்ட நான்கைந்து கதைகளைத் தங்கள் நடையில் திருப்பி எழுதி, கூகிள் சைட்ஸில் ஒரு சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். ஒரு முகப்பு, ஒரு முன்னுரை, கதைகள், ஒவ்வொரு கதைக்கும் கீழே "யாரிடம் கேட்டேன், எதை மாற்றினேன்" என்ற குறிப்பு. வன்னியில் வளர்ந்த பிள்ளைகளின் கைவசம் இருப்பது பெரும்பாலும் ஒரே கதைகள்தான். அம்மன், வெள்ளைக்காரரோடு போரிட்ட பண்டார வன்னியன், யானை கட்டிய அரியாத்தை, குளத்தைக் காக்கும் ஐயனார், காட்டுக்குள் கரடியைச் சந்தித்த மாமா. அதனால் கூடப் படிப்பவரின் புத்தகத்தில் புதிய கதையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அந்தக் கதையை அவர் எங்கே நின்று சொன்னார், எதை முதலில் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று தேடிப் போங்கள். கை நிறைய அள்ளலாம்.

முதலில் வாசிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

இது சின்ன விசயம், ஆனால் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒருவர் அனுப்பிய இணைப்பைத் திறந்தால் "அனுமதி தேவை" என்று வருகிறதா? அவர் வெளியிட்ட பக்கத்தின் இணைப்பை அனுப்பாமல், தான் எழுதித் திருத்துகிற பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டார். வெளியிட்டதை அனுப்பச் சொல்லுங்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகிறதா? பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார். யூனிகோடுக்கு மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒரு நிமிட வேலை.

போனில் வாசிப்பவர்கள் கவனிக்க: மற்றப் பக்கங்களின் பட்டியல் மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். அதை அழுத்தாமல், முகப்பை மட்டும் பார்த்துவிட்டு "ஒண்டும் இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். டேட்டா குறைவென்றால், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் குரோமில் பக்கத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் ஆறுதலாக வாசியுங்கள். அவசரத்தில் வாசித்த கதை ஒன்றும் தராது.

மூன்று புத்தகம் போதும்

வகுப்பில் இருபத்தைந்து பேர் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் வாசிக்க ஆசை வரும், அல்லது உங்கள் சிநேகிதர்களின் புத்தகத்தை மட்டும். இரண்டும் வேண்டாம். மூன்றைத் தெரிவு செய்யுங்கள்.

ஒன்று, நீங்கள் எழுதும் அதே கதையையோ அதே மாதிரியான கதையையோ எழுதியவருடையது. இதை வாசிக்கத்தான் பயமாக இருக்கும், "என்னுடையதைவிட நல்லா இருந்தா?" என்று. நன்றாக இருந்தால் உங்களுக்குத்தான் லாபம். இரண்டு, உங்களுக்கு நேர்மாறான கையுடையவருடையது. நீங்கள் நீளநீளமாக வர்ணிப்பவர் என்றால், எல்லாவற்றையும் பேச்சிலேயே நகர்த்துபவரைத் தேடுங்கள். மூன்றாவது, யாரும் பேசாத ஒரு புத்தகம். பின்வாங்கில் இருந்து வாயே திறக்காத பிள்ளை எழுதியது. ஒவ்வொரு வருடமும் அங்கேதான் எனக்கு ஏதாவது கிடைக்கிறது.

உங்கள் சிக்கலை எழுதிவிட்டுத் திறவுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து முதல் வரியில் உங்கள் கதையில் இப்போது எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். "தொடக்கம் சரியில்லை" என்று எழுதாதீர்கள், அதை வைத்து ஒன்றும் தேட முடியாது. "பண்டார வன்னியன் வருவதற்கு முன் இரண்டு பக்கம் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது, வாசிப்பவர் போய்விடுவார்" என்று எழுதுங்கள். "ஆச்சி கதை சொல்வதாக எழுதினேன், ஆனால் ஆச்சி நான் கட்டுரை எழுதுவது மாதிரிப் பேசுகிறா" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் வாசித்தால் "நல்லாயிருக்கு" என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

முகப்பிலும் முன்னுரையிலும் கொஞ்சம் நில்லுங்கள்

கதைக்குத் தாவாதீர்கள். ஐந்து கதைகளையும் ஒன்றாகக் கட்டும் கயிறு முன்னுரையில்தான் இருக்கும். விக்கிரமாதித்தனின் தோளில் இருந்து வேதாளம் கதை சொல்கிறதே, அந்த ஏற்பாடுதான். எங்கள் பிள்ளைகளும் இதில் நல்ல கெட்டிக்காரர்கள். ஒருவன் தன் ஐந்து கதைகளையும், காலபோக வயலில் பன்றிக் காவலுக்குப் பரணில் இருக்கும் இரண்டு பேர் நித்திரை வராமலிருக்க மாறிமாறிச் சொல்வதாக வைத்திருந்தான். கதை பயங்கரமாகும்போது கீழே வயலில் ஏதோ அசையும், இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். கதைக்கு வெளியே உள்ள இரவும் கதைக்குள் வந்துவிடுகிறது. இன்னொருத்தியின் கதைகள் ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரும் பஸ்ஸில் நடக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரர் இறங்க இறங்க அடுத்தவர் வந்து இருந்து தன் கதையைச் சொல்வார். மாங்குளத்தில் இறங்கியவரின் கதை முடியாமலே நிற்கிறது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த ஏற்பாடு கதைக்கு என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள். எடுத்துவிட்டால் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அது அலங்காரம், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டு தடவை வாசிப்பது

முதல் தடவை பேனையைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வாசகராக வாசியுங்கள். எழுத்துப்பிழை கண்ணில் படும், படட்டும். திருத்துவது இப்போது உங்கள் வேலையில்லை.

இரண்டாம் தடவை மெதுவாக. எங்கே உங்களை அறியாமல் வேகம் குறைந்ததோ, எங்கே ஒரு வரியைத் திரும்ப வாசித்தீர்களோ அங்கே நில்லுங்கள். அந்த வரியைக் கையால் கொப்பியில் எழுதுங்கள். ஸ்கிரீன் ஷொட் வேண்டாம். கை எழுதும்போதுதான் சொல் எந்த ஒழுங்கில் வந்திருக்கிறது என்று தெரியும்.

அந்த மூன்று அம்மன் கதைகளுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முழு வேலையும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலாவதில் கதை சொல்வது அம்மம்மா. கரண்ட் போன இரவு, அம்மம்மா அரிக்கன் லாம்பின் சிமினியைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே சொல்கிறா. கிழவி "கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ" என்று சொல்லும் இடத்தில், அம்மம்மா கதையை நிறுத்திவிட்டுத் திரியைக் கத்தரிக்கிறா. பேரப்பிள்ளை, "எணேய் அம்மம்மா, பிறகு?" என்கிறான். அவ்வளவுதான். அந்த இடைவெளியில் அவனோடு நாமும் காத்திருக்கிறோம்.

இரண்டாவது, பெடியன்களில் ஆகச் சின்னவன் சொல்வதாக வருகிறது. கடல்நீர் எடுத்துவர அவனைத்தான் அனுப்புகிறார்கள். எழுதியவன் இப்படி எழுதியிருந்தான்: "சிரட்டையில் அள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வழியிலேயே பாதி சிந்திவிட்டது. மிச்சம் காணுமா என்று கேட்டேன். கிழவி சிரித்தாள்."

மூன்றாவதில் கரைக்கே நாம் போகவில்லை. அந்தச் சிறுவனின் தாய் வீட்டு வாசலில் நிற்கிறாள். பொழுது பட்டுவிட்டது, பிள்ளையைக் காணவில்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம். எண்ணெய்ப் போத்தல் அடுப்படியில் இருக்கிறது, கையால் தொட்டுப் பார்க்கிறாள். அப்படியென்றால் அங்கே எரிவது என்ன? கதை அந்தக் கேள்வியில் முடிகிறது. ஆயிரம் கண்கள் வரவே இல்லை. வற்றாப்பளைப் பக்கத்து வாசகருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வைகாசிப் பொங்கல் வரும்போது கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே எல்லோரும்.

இப்போது "எது நல்லது?" என்று கேட்காதீர்கள். எது என்ன செய்தது என்று கேளுங்கள். முதலாவது, அற்புதத்துக்கு முன் நம்மைக் காக்க வைத்தது. இரண்டாவது, அற்புதத்தின் கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தது. சிந்திய தண்ணீரை நம்பிவிட்டோம், ஆகையால் எரிந்த தண்ணீரையும் நம்புகிறோம். மூன்றாவது, நமக்குத் தெரிந்ததை நம்மிடமே விட்டுவிட்டது.

கொப்பியில் மூன்று பத்தி

பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "பார்த்தது", "அது செய்தது", "எனக்கு". முதலாவதை எல்லோரும் நிரப்புவார்கள். இரண்டாவதில் தடுமாறுவார்கள். மூன்றாவதைக் கட்டாயம் கேள்வியாக எழுதுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவியின் கொப்பியை அனுமதி கேட்டு இங்கே தருகிறேன். அவள் எழுதிக்கொண்டிருந்தது அரியாத்தை கதை, மதங்கொண்ட யானையை அடக்கிக் கட்டிய வன்னிப் பெண்ணின் கதை.

பார்த்தது: சிரட்டைத் தண்ணி பாதி சிந்துது.
அது செய்தது: பெரிய அதிசயத்துக்கு முன்னால ஒரு சின்னக் கஷ்டம். அதால நம்பினன்.
எனக்கு: அரியாத்தை எந்தக் கயிற்றால கட்டினா? அது என்ன கயிறு?

கடைசி வரியைப் பாருங்கள். அவள் அம்மன் கதையிலிருந்து விளக்கையோ கடலையோ சிரட்டையையோ எடுக்கவில்லை. ஒரு கேள்வியை எடுத்தாள். மூன்றாம் பத்தியில் "நானும் சின்னப் பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் அது நோட்ஸாகவே கிடந்திருக்கும்.

படங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கூகிளில் தேடி எடுத்த காட்டுப் படம் எந்த நாட்டுக் காடு என்று யாருக்குத் தெரியும்? இரணைமடுக் குளக்கட்டில் நின்று தன் போனில் எடுத்த மங்கலான படம் அதைவிட எவ்வளவோ மேல். மற்றவர் புத்தகத்தில் நல்ல படத்தைக் கண்டால், அது கதையில் எந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை எடுக்க வேண்டுமென்றால், அதை எடுத்தவரிடம் கேளுங்கள்.

கீழே உள்ள குறிப்பை வாசிக்காமல் வராதீர்கள்

"எதை மாற்றினேன்" என்ற குறிப்பைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கென்றால் சில நேரம் கதையைவிட அதுதான் பிடிக்கும். எழுதியவர் தன் தீர்மானத்தைத் தானே சொல்லும் இடம் அது.

பண்டார வன்னியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று, ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். வெள்ளைக்காரர் அங்கே ஒரு கல்லை நட்டார்கள். பிள்ளைகள் எழுதும் கதைகளில் அவன் பெரும்பாலும் அந்தக் கல் நட்ட இடத்திலேயே வீரமரணம் அடைகிறான். கல்லில் எழுதியிருந்தது தோற்கடித்ததை மட்டும்தான். மரணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஒரு மாணவன் இதைக் கவனித்து, தன் குறிப்பில் "கல் சொன்னதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் கற்பனை" என்று எழுதிவிட்டு, தோற்ற இரவில் காயத்தோடு காட்டுக்குள் நடக்கும் ஒருவனைப் பற்றி எழுதினான். கல்லுக்கும் அம்மம்மா சொன்னதற்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் அவனுக்குக் கிடைத்த வயல்.

நீங்களும் அப்படித்தான். மற்றவர் கதையில் ஒரு விபரம் உங்களைப் பிடித்துக்கொண்டால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கதைக்குள் கொண்டுவராமல், ஒருமுறை விசாரியுங்கள். வீட்டில் கேளுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் வன்னி பற்றிய பழைய நூல்களும் பிரதேச மலர்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன, அங்கே தேடுங்கள். கேட்கப் போன இடத்தில் வேறொரு கதை கிடைத்து வந்தவர்களும் உண்டு.

எடுக்கக்கூடாதது

வரியை எடுக்கக்கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். இரண்டு சொல்லை மாற்றிவிட்டு எடுப்பதும் எடுப்பதுதான். சொல்லும் கோணம், கதை தொடங்கும் இடம், கதைகளைக் கட்டும் ஏற்பாடு இவையெல்லாம் பொதுச்சொத்து மாதிரி, தாராளமாகப் பழகலாம். ஆனால் உங்கள் குறிப்பில் "இன்னாரின் கதையை வாசித்தபோது வந்த யோசனை" என்று ஒரு வரி போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் வகுப்பில் குரலைத் தாழ்த்திப் பேசுவேன். ஒரு மாணவன் தன் புத்தகத்தில் கடைசிக் கதையாக, 2009 இல் குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது அம்மா கடைசிவரை கைவிடாத ஒரு பானையைப் பற்றி எழுதியிருந்தான். அப்போது அவன் கைக்குழந்தை. எல்லாம் அம்மா சொன்னது. அந்தப் பானை அவர்கள் வீட்டுப் பானை. அதை இன்னொரு கதைக்குள் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும். அவன் சொன்ன விதத்தைப் பாருங்கள். செல் விழுந்து வெடிக்கும் சத்தம் ஒரு இடத்திலும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பானைக்குள் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறான். முதலில் சோறும் பருப்பும், பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர், பிறகு உடுப்பு. எதை எண்ணிச் சொல்கிறான், எதை எண்ணாமல் விடுகிறான் என்று பார்த்துப் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

அடுத்த நாளே இருநூறு சொல்

கொப்பியை மூடி வைத்துவிட்டுப் "பிறகு எழுதுவம்" என்றால் எல்லாம் ஆறிப்போகும். மூன்று புத்தகமும் வாசித்து முடித்த அடுத்த நாள், மூன்றாம் பத்தியிலிருந்து ஒரேயொரு கேள்வியை எடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் கதையிலிருந்து ஒரு காட்சியை மட்டும் இருநூறு சொல்லில் எழுதுங்கள். முழுக்கதையையும் திருத்த வெளிக்கிடாதீர்கள். எழுதும்போது மற்றவரின் புத்தகம் திறந்திருக்கக்கூடாது. அவருடைய நடை காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். ஆச்சி பேசுவதாக எழுதியிருந்தால் ஆச்சிக்கே வாசித்துக் காட்டுங்கள். "நான் எப்பயடா இப்பிடிக் கதைச்சனான்?" என்று அவ கேட்டால் எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த மாணவியின் பழைய தொடக்கம் இது: "முன்னொரு காலத்தில் வன்னி நாட்டிலே அரியாத்தை என்னும் வீரப்பெண் வாழ்ந்து வந்தாள்." கயிறு பற்றிய கேள்வியோடு அவள் தாத்தாவிடம் போனாள். யானை பிடிக்கிற பணிக்கர்கள் நார்க்கயிற்றை நம்புவதில்லை, தோலில் வெட்டிய வாரைத்தான் வைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னார். புதிய தொடக்கம் இப்படி வந்தது: "வாரை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். விடிய எடுத்துக் கையில் சுற்றிப் பார்த்தபோது அதில் இன்னும் மான் வாசம் இருந்தது."

எழுதி முடித்ததும் அவள் நேரே போய், சிரட்டைக் கதை எழுதியவனிடம் இதைக் காட்டினாள். நீங்களும் இதைச் செய்யுங்கள், தவறவிடாதீர்கள். எந்த வரியில் நின்றீர்கள், அது உங்கள் கதையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவரிடமே சொல்லுங்கள். அவன் அவளுடைய இரண்டு வரியையும் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தன் கொப்பியை எடுத்து மூன்றாகக் கோடு போட்டான்.